பேட்டர்ன் இல்லாமல் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வை: அடுத்த துண்டை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

கயல் (திருப்பூர்)

வணக்கம். இந்தக் கைவேலைப் பகுதியை ரொம்ப நாளாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறேன். இப்போது எல்லோரும் குவில்ட் என்றே சொல்கிறார்கள். நான் கற்றது முழுக்கப் பேட்டர்ன் பார்த்துத் தைக்கும் முறை. சதுரம், முக்கோணம் எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்து வெட்டி, கால் அங்குலம் தையலுக்கு விட்டு, மூலைக்கு மூலை பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தைப்பேன். ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தவள், அளவு பிசகினால் எனக்குத் தூக்கம் வராது.

சமீபத்தில் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்கள் தைத்த போர்வைகளின் படங்களைப் பார்த்தேன். கோடுகள் நேராக ஆரம்பித்து நடுவில் சாய்கின்றன. ஒரு பக்கம் நான்கு பட்டை இருந்தால் எதிர்ப்பக்கம் மூன்றுதான் இருக்கிறது. சிவப்பு ஓடிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் தீர்ந்துபோய், மிச்சத்துக்குப் பழுப்பு வருகிறது. எதுவும் பொருந்தவில்லை, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. கைபோன போக்கில் தைத்தவை என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு வேலையை விட்டுவிட்டேன். வீடும் மாறினோம். இந்த வயதில் இப்படி இருப்பேன் என்று போட்டு வைத்திருந்த கணக்கு எதுவும் இப்போது கையில் இல்லை. அதனால்தானோ என்னவோ, இப்படியும் ஒரு போர்வை முழுசாக முடியுமா என்று அந்தப் படங்களையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பேட்டர்ன் இல்லாமல் தைக்கும்போது அடுத்த துண்டு எது என்று எப்படி முடிவு செய்வது? இப்படித் தைக்கிற யாருக்காவது, அது தன் வாழ்க்கையைப் பார்க்கும் விதத்தை மாற்றியிருக்கிறதா? வீட்டில் ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட் இருக்கிறது.

சுந்தரம் டெய்லர் (ஈரோடு)

அம்மா, முதல் கேள்விக்கு மட்டும் என்னால் சொல்ல முடியும்.

பேட்டர்னில் வெட்டும்போதே கணக்கு முடிந்துவிடும். அப்புறம் மெஷினை ஓட்ட வேண்டியதுதான். பேட்டர்ன் இல்லாமல் தைத்தால் ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் கணக்குப் போட வேண்டும். ஒரு பட்டை சேர்த்து இஸ்திரி போட்டுவிட்டீர்கள், ஓரம் சாய்ந்திருக்கிறது. சாய்வை வெட்டி நேராக்குவதா, அடுத்த பட்டையை ஒரு முனையில் அகலமாக வைத்து ஈடுகட்டுவதா, சாய்வை அப்படியே கொண்டுபோவதா? ஒவ்வொரு தடவையும் அந்த மூன்றில் ஒன்றை எடுத்தாக வேண்டும். இதில் வேலை குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

திருப்பூர் மூட்டை என்கிறீர்கள். பாதி பனியன் துணியாக இருக்கும், முதலில் பிரித்து வையுங்கள். பனியன் துணி இழுபடும், நெய்த துணி இழுபடாது. இரண்டையும் சேர்த்தால் முதல் துவைப்பிலேயே சுருங்கிச் சுருங்கி நிற்கும். கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டிய ஓரமும் இழுபடும்தான், ஆனால் நேர்வாட்டத்தில் வெட்டிய துண்டோடு சேர்த்துத் தைத்தால் அது பிடித்துக்கொள்ளும். இரண்டு கிராஸ் ஓரங்களை ஒன்றோடு ஒன்று தைத்தீர்கள் என்றால் அலை அலையாக எழும்பும், எந்த இஸ்திரிக்கும் அடங்காது. சாயம் போகிற துணியைத் தனியாக நனைத்துப் பார்த்துவிடுங்கள், சிவப்பும் கருநீலமும் முக்கியமாக.

தரையில் பரப்பிப் பார்க்காதீர்கள். ஒரு பழைய ஃபிளானல் துணியைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டு, துண்டுகளை அதில் ஒட்டி வைத்துத் தள்ளி நின்று பாருங்கள். காட்டன் துண்டு ஃபிளானலில் தானாக ஒட்டிக்கொள்ளும். எது உறுத்துகிறது என்று நான்கடி தள்ளி நின்றால்தான் தெரியும்.

மீனா (அட்லாண்டா)

கயல், அந்தப் போர்வைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2006-இல் இங்கே ஹை மியூசியத்தில் கண்காட்சி வைத்தார்கள். படத்தில் தெரியாத ஒன்று நேரில் தெரிந்தது: துணி எவ்வளவு தேய்ந்தது என்பது. முட்டி தேய்ந்த ஜீன்ஸ், மாவு மூட்டையின் வெளுத்துப்போன எழுத்து, வியர்வையில் நிறம் மாறிய கழுத்துப்பகுதி எல்லாம் அப்படியே இருந்தன.

‘கைபோன போக்கில்’ என்று போட்டிருந்தது எனக்கு ஒப்பவில்லை. அந்த ஊரின் கதை தெரிந்தால் உங்களுக்கும் ஒப்பாது.

அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும் ஊர் அது. 1816-இல் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் போட்டார், ஊருக்கு அவர் பெயர். 1840-களில் மார்க் பெட்வே என்பவரின் கைக்கு வந்தது. அவர் நார்த் கரோலினாவிலிருந்து ஏறக்குறைய நூறு அடிமைகளைக் கால்நடையாகவே கூட்டிவந்தார். இன்றும் அந்த ஊரில் பலருக்கும் குடும்பப் பெயர் பெட்வேதான். அடிமை விடுதலைக்குப் பிறகும் அதே நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரமுறையில் உழுதார்கள்.

பருத்தி விலை விழுந்த காலத்தில் அவர்கள் பக்கத்து ஊர் வியாபாரி ஒருவரிடம் கடன் வாங்கி ஓட்டினார்கள். அவர் இறந்ததும் 1932-இல் அவர் குடும்பத்து ஆட்கள் வந்து கடனுக்காக அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகளில் இருந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். மாடு, கலப்பை, சோளம், குளிர்காலத்துக்குப் புதைத்து வைத்திருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு வரைக்கும். செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவில்தான் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினார்கள். அப்புறம் ரூஸ்வெல்ட் அரசு நிலத்தை வாங்கி, வீடு கட்டி, குறைந்த வட்டியில் அவர்களுக்கே விற்றது.

அந்த வீடுகள் வருவதற்கு முன் இருந்தவை மரக்கட்டைக் குடில்கள், சந்துக்குச் சந்து காற்று வரும். சுவரில் செய்தித்தாள் ஒட்டுவார்கள், போர்வையும் தொங்கவிடுவார்கள். உள்ளே வைக்கப் பஞ்சு எங்கே? பருத்தி அரைக்கும் ஜின் ஆலையின் தரையில் கூட்டியதை எடுத்துவந்து தடியால் அடித்துத் தூசி தட்டி வைத்தார்கள். நைந்துபோன போர்வையைக் கொசுவுக்குப் புகையாக எரித்தார்கள். மேல்துணியை ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் தனியாகத் தைப்பாள். மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்ற மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி உட்காருவார்கள். வண்ணம் எங்கே நிற்க வேண்டும், கோடு எங்கே ஒடிய வேண்டும் என்பதை மேல்துணி தைத்தவள் மட்டும்தான் முடிவு செய்தாள். தையலில் எல்லோர் கையும் இருந்தது.

நடுவில் ஒரு துண்டு வைத்துச் சுற்றிச் சுற்றிப் பட்டை சேர்க்கும் அமைப்பை அங்கே ‘ஹவுஸ்டாப்’ என்பார்கள். எல்லோருக்கும் அது தெரியும். ஒரே அமைப்பை ஒவ்வொருத்தியும் தனக்கு வந்தபடி தைத்தாள். அடித்தளமே இல்லாமல் யாரும் தைக்கவில்லை.

இளங்கோ (சென்னை)

மீனா சொன்னதைப் படித்த பிறகு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. கயல் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

குளிரில் பிள்ளைகள் சாகக் கூடாது என்பதற்காகத் தைத்ததை எடுத்துவந்து, வாழ்க்கையில் வளைந்து கொடுக்கக் கற்றுக்கொள்வோம் என்று பாடம் எழுதுவது சரியா? இணையத்தில் இந்த மாதிரி நிறையப் பார்க்கிறேன். துண்டு துண்டான வாழ்க்கை, அழகான போர்வை என்று ஒரு படம் போட்டு முடித்துவிடுகிறார்கள். அந்தப் பெண்களின் வழி தானாக மாறவில்லை. நிலம் போனது, மாடு போனது, ஒவ்வொன்றையும் பறித்தவர்கள் இருந்தார்கள். 1962-இல் அவர்கள் ஓட்டுரிமைக்குப் பெயர் பதிவு செய்ய ஆற்றைக் கடந்து கேம்டன் போகத் தொடங்கியதும் படகுப் போக்குவரத்தையே நிறுத்திவிட்டார்கள். எதிர்க்கரையில் இருக்கிற ஊருக்குச் சாலை வழியாக ஒரு மணி நேரம் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. படகு திரும்ப ஓடியது 2006-இல். இதை ‘மாறும் பாதை’ என்று சொன்னால் பாதையை மாற்றியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

போர்வை அழகு என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

மீனா (அட்லாண்டா)

இளங்கோ, நீங்கள் சொல்வதற்கு அங்கே தைத்தவர்களிலேயே சாட்சி இருக்கிறது. லொரெட்டா பெட்வே என்று ஒருவர். கண்காட்சியில் எல்லோரும் அதிக நேரம் நின்று பார்த்தவற்றில் அவருடைய போர்வைகளும் உண்டு. அவருக்குத் தைக்கவே பிடிக்காது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். உதவிக்கு ஆள் இல்லை, வீட்டில் உள்ளவர்களுக்குக் குளிரும், அதனால் தைத்தேன் என்பதுதான் அவர் சொன்ன காரணம். 2015-இல் அவருக்கும் மேரி லீ பெண்டோல்ஃபுக்கும் லூசி மிங்கோவுக்கும் நாட்டுப்புறக் கலைக்கான தேசிய விருது கிடைத்தது. அதற்காக முன்பு சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டியதில்லையே.

ஆனால் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குளிருக்கு மட்டும் என்றால் எப்படியோ சேர்த்துத் தைத்தால் போதும். கையில் இருந்த ஐந்து துணியை வைத்துக்கொண்டு ஆரஞ்சுக்குப் பக்கத்தில் எதை வைக்கலாம் என்று அவர் யோசித்திருக்கிறார். யாரும் கேட்காத யோசனை அது. அதை வறுமையின் கணக்கில் எழுதினால் அவர் செய்ததில் பாதி விட்டுப்போகும்.

கயல் (திருப்பூர்)

இளங்கோ சார், தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. என் நிலைமையையும் அவர்கள் நிலைமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. எனக்கு வேலை போனதும் சாப்பாட்டுக்குக் குறை வரவில்லை.

அதே சமயம், பாடம் எழுதுவது வேறு, கற்றுக்கொள்வது வேறு என்று நினைக்கிறேன். துணி தீர்ந்துபோன இடத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதற்கு எனக்கு ஒரு தேவை இருக்கிறது. நான் பார்த்த வேலையில், ஒரு நிறம் தீர்ந்துவிட்டால் ஆர்டரே நின்றுவிடும். சாயப் பட்டறைக்கு மறுபடி அனுப்பு, அதே ஷேடு வரும் வரை காத்திரு, கப்பல் போய்விடும், எல்லோரும் கத்துவார்கள். அவ்வளவு வருஷமும் அந்தப் பதற்றத்திலேயே இருந்தேன். அப்பா படுத்தபோதும் அதே பதற்றம்தான். பழைய ஷேடு திரும்ப வரும் என்று எதையும் தொடங்காமல் உட்கார்ந்திருந்தேன். வராது என்று இப்போது தெரிகிறது.

மீனா அக்கா, அவர்களும் ஆர்டருக்குத் தைத்ததாக எங்கோ படித்தேன். உண்மையா?

மீனா (அட்லாண்டா)

உண்மைதான், நீங்கள்தான் இதைக் கேட்க வேண்டியவர்.

1966-இல், சிவில் உரிமைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயத்தில், அந்தப் பகுதிப் பெண்கள் சேர்ந்து ஃப்ரீடம் குவில்டிங் பீ என்று ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். ஃப்ரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் முதலில் போர்வைகளை வாங்கி நியூயார்க்கில் ஏலத்துக்கு அனுப்பினார். எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற பெண்மணி கூட்டுறவை நீண்ட காலம் நடத்தினார். நல்ல பெயர் கிடைத்தது, பெரிய கடைகளிலிருந்து ஆர்டர் வந்தது. ஆர்டர் வந்ததும் நீங்கள் சொல்கிற பிரச்சினையும் கூடவே வந்தது: முதல் போர்வையும் நூறாவது போர்வையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. பகலெல்லாம் ஒரே அளவில் உறை தைத்தார்கள். வெட்டியதுபோக மிஞ்சிய கார்டுராய் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். எழுபதுகளின் ஜீஸ் பெண்ட் போர்வைகளில் பாசிப்பச்சையும் தங்க மஞ்சளும் சிவப்பும் நிறைய வருவது அதனால்தான், சியர்ஸ் அந்த வருஷம் வாங்கிய நிறங்கள் அவை. கார்டுராய் தடிமனான துணி, சின்னச் சின்னதாக வெட்டித் தைக்க வராது. அதனால் பெரிய பெரிய கட்டமாக, அகலப் பட்டையாகத் தைத்தார்கள். அவற்றைப் பார்த்துத்தான் பின்னாளில் விமர்சகர்கள் நவீன ஓவியம் மாதிரி இருக்கிறது என்றார்கள்.

உங்கள் மூட்டையில் இருப்பதும் யாரோ ஒரு வாங்குபவர் ஒரு சீசனுக்குத் தேர்ந்தெடுத்த நிறங்கள்தானே கயல்.

நிலா (பெங்களூரு)

நான் டிசைன் படிக்கிறவள். பேட்டர்ன் இல்லாத குவில்டிங் என்றால் ஜீஸ் பெண்டோடு நின்றுவிட வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன்.

ரோஸி லீ டாம்ப்கின்ஸ் என்ற பெயரில் அறியப்பட்டவரைத் தேடிப் பாருங்கள். உண்மைப் பெயர் எஃபி மே ஹோவர்ட். ஆர்கன்சாவில் பிறந்து கலிஃபோர்னியாவின் ரிச்மண்டுக்குக் குடிபெயர்ந்தவர். வெல்வெட், பாலியெஸ்டர், கிடைத்தது எல்லாம் அவர் கையில் வரும். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் நழுவிக்கொண்டே போகும். வெளியே தெரிய விரும்பாதவர், அதனால்தான் புனைபெயர். 2006-இல் இறந்தார். பெர்க்லி கலை அருங்காட்சியகத்தில் 2020-இல் அவருக்கென்றே பெரிய கண்காட்சி வைத்தார்கள்.

இன்னொரு பக்கம், கலைப்படிப்பு வழியாக வந்தவர்களும் உண்டு. ஒஹையோவில் நான்சி க்ரோ ஸ்கேல் இல்லாமல் கையாலேயே வெட்டப் பல வருஷங்கள் கற்றுக்கொடுத்தார். உருளும் வட்டக் கத்தியான ரோட்டரி கட்டர் 1979-இல் வந்தது. நேராக வெட்டுவதற்கென்று வந்த கருவி, அது கையில் இருந்ததால்தான் வளைவாக வெட்டுவதும் சுலபமாயிற்று.

சுந்தரம் அண்ணா சொன்ன ஃபிளானல் சுவர் அருமையான யோசனை. கூடவே செல்ஃபோனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள் கயல் அக்கா. எது இருட்டு, எது வெளிச்சம் என்று உடனே தெரியும். நிறம் நம்மை ஏமாற்றும்.

வாணி (ஹூப்ளி)

எல்லோரும் அமெரிக்காவுக்குப் போய்விட்டீர்கள். எனக்கு வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போகிற தூரத்தில் இது இருக்கிறது.

உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் காட்டோர கிராமங்களில் சித்தி மக்கள் இருக்கிறார்கள். பல நூற்றாண்டுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். பெரும்பாலோர் போர்த்துக்கீசியர் காலத்தில் கோவாவுக்கு அடிமையாக வந்து, தப்பித்தோ விடுதலையாகியோ இந்தக் காட்டுப் பக்கம் வந்து தங்கியவர்கள் என்பார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் மூவரும் அவர்களில் உண்டு. 2003-இல் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தார்கள். அவர்கள் தைக்கும் போர்வைக்குப் பெயர் கவந்தி.

கயலுக்கு இது உதவும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். கவந்தியில் மேல்துணியைத் தனியாகத் தைப்பதே கிடையாது. ஒரு பழைய புடவையை அடித்துணியாக விரித்துவிட்டு, ஓரத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஒரு துண்டை எடுத்து, ஓரத்தை விரலால் மடித்து, ஓட்டுத்தையல் போட்டு நேராக அடித்துணியோடு சேர்த்துவிடுவார்கள். அதன் மேல் கொஞ்சம் ஏறினாற்போல் அடுத்த துண்டு. ஓரத்தைச் சுற்றி வந்து, மறு சுற்று, அடுத்த சுற்று என்று உள்நோக்கிப் போய் நடுவில் முடிப்பார்கள். ஒட்டுவதும் தைப்பதும் ஒரே வேலை. பின்னால் திருப்பிப் பார்த்தால் வெறும் புடவையில் வரிவரியாக ஓட்டுத்தையல் மட்டும் தெரியும், அதுவே தனி அழகு. ஸ்கேல் கிடையாது, மெஷின் கிடையாது. அளவு என்பது அந்தப் புடவை எவ்வளவு பெரியதோ அவ்வளவுதான்.

நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து ஒரு சின்னப் பூ வைப்பார்கள், பூலா என்று பெயர். அது இல்லாவிட்டால் போர்வை நிர்வாணமாக இருக்கிறது என்பார்கள். மற்ற எதுவும் எப்படியும் போகலாம், அது மட்டும் இருந்தாக வேண்டும்.

ஆப்பிரிக்க வம்சம், அங்கேயும் ஒட்டுப்போர்வை, இங்கேயும் ஒட்டுப்போர்வை என்று சட்டென்று ஒரு கோடு போட்டுவிடாதீர்கள். வட கர்நாடகத்தில் மற்றவர்களும் பழைய புடவையை வைத்துக் கௌதி என்ற போர்வை தைக்கிறார்கள். யார் யாரிடம் கற்றார்கள் என்று கிளப்பினால் முடிவில்லாமல் போகும். ஆனால் நிறத்தை வைக்கிற துணிச்சலைப் பார்த்தால், கூட்டத்தில் எது சித்திப் பெண் தைத்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

சரோஜா (தஞ்சாவூர்)

நான் இங்கே புதிது. மகள்தான் இந்த இழையைக் காட்டினாள். எனக்கு அழகாக எழுத வராது.

என் வீட்டுக்காரர் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தார். தவறிப்போய்விட்டார். பீரோவில் அவர் காக்கிச் சட்டையும் பேண்ட்டும் இருக்கின்றன. மகள் கொடுத்துவிடலாம் என்கிறாள். பேரன் பிறந்திருக்கிறான், அவனுக்குப் போர்வையாகத் தைத்துக் கொடுத்தால் என்ன என்று எனக்கு யோசனை. ஆனால் கத்தரியை வைக்கக் கை வரமாட்டேன் என்கிறது. தடியான துணி வேறு. சின்னக் குழந்தைக்கு உறுத்துமா?

மீனா (அட்லாண்டா)

சரோஜாம்மா, உங்களிடம் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜீஸ் பெண்டில் மிசூரி பெட்வே என்ற பெண் 1942-இல் ஒரு போர்வை தைத்தார். அவர் கணவர் நத்தானியேல் அப்போதுதான் இறந்திருந்தார். அவர் வயலுக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்புகளை எல்லாம் பிரித்து, பெரிய பெரிய கட்டமாகவும் பட்டையாகவும் சேர்த்துத் தைத்தார். மகள் ஆர்லோன்சியா கூட உதவி செய்தார். அவரை நினைவில் வைத்திருக்கவும், அந்த அன்புக்கு அடியில் போர்த்திப் படுக்கவும் அம்மா இதைத் தைத்தார் என்று மகள் பின்னாளில் சொன்னார். பழைய நீலம், சாம்பல், வெளுத்த வெள்ளை, ஓரிரு இடத்தில் சிவப்பு. நிறமெல்லாம் வெயிலிலும் துவைப்பிலும் போயிருந்தது.

அந்த ஊரில் வேலை உடுப்பில் தைத்த போர்வைகள் நிறைய உண்டு. பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெயில் படாமல் கருநீலமாக அப்படியே இருக்கும். அதை மறைக்காமல் நடுவில் தெரியும்படி வைத்திருப்பார்கள்.

சுந்தரம் டெய்லர் (ஈரோடு)

சரோஜாம்மா, வெட்ட வேண்டாம். முதலில் தையலைப் பிரியுங்கள். பக்கத் தையல், கைத் தையல், பாக்கெட் எல்லாவற்றையும் பிளேடு வைத்து மெதுவாகப் பிரித்தால் சட்டை தானாகத் தட்டைத் துணியாகிவிடும். கத்தரி வைக்கிற பயமே வராது. அப்புறம் எது எங்கே போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சட்டைத் துணி போர்வைக்குச் சரியாக வரும், பேண்ட் துணி கைக்குழந்தைக்குக் கனம். பேண்ட்டில் தைத்து உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேரனுக்குச் சட்டைத் துணியோடு உங்கள் பழைய நூல் புடவையைக் கலந்து தையுங்கள், அடிப்பக்கம் முழுக்கப் புடவையே இருக்கட்டும். உடம்பில் படுவது அதுதான். உள்ளே பஞ்சு வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மடிப்புத் துணி போதும். பட்டன், கொக்கி, காலருக்குள் வைத்த விறைப்புத் துணி எதையும் விட்டுவிடாமல் எடுத்துவிடுங்கள். வாணி அம்மா சொன்ன முறையில் கையாலேயே தைக்கலாம், மெஷின் தேவையில்லை.

சட்டையின் தோள்பட்டையில் டிக்கெட் பை மாட்டிய இடம் தேய்ந்து வெளுத்திருக்கும். அந்தத் துண்டை எறிந்துவிடாதீர்கள். பின்னால் ஒரு துணி கொடுத்துத் தைத்தால் நிற்கும்.

இளங்கோ (சென்னை)

சரோஜாம்மா, கட்டாயம் தையுங்கள். நான் முன்னால் எழுதியது இந்த மாதிரிப் போர்வைக்கு எதிராக அல்ல. யாருடைய உடுப்பு, யார் தைத்தது, யாருக்கு என்று உங்கள் போர்வையில் எல்லாமே தெரிகிறது. அது தெரியாமல் போகும்போதுதான் எனக்கு உறுத்துகிறது.

மீனா, அதனாலேயே கேட்கிறேன். அருங்காட்சியகத்தில் தொங்கியதெல்லாம் சரி, தைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

மீனா (அட்லாண்டா)

நேராகச் சொல்கிறேன். 1990-களின் இறுதியில் வில்லியம் ஆர்னெட் என்ற கலைச் சேகரிப்பாளர் வந்து நூற்றுக்கணக்கில் போர்வைகளை வாங்கினார். 2002-இல் ஹூஸ்டனிலும் அப்புறம் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் கண்காட்சி நடந்தது. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் மைக்கேல் கிம்மல்மன் மிகப் பெரிதாகப் புகழ்ந்தார். 2006-இல் அஞ்சல்தலையே வந்தது, பத்துப் போர்வைகள். கம்பளம், பரிசுப்பொருள் என்று அந்த வடிவங்கள் பல இடங்களுக்குப் போயின.

2007-இல் அனி மே யங், லொரெட்டா பெட்வே உட்பட மூன்று பேர், தங்களுக்குச் சேர வேண்டியது வரவில்லை என்று ஆர்னெட் தரப்பின் மீது வழக்குப் போட்டார்கள். 2008-இல் சமரசத்தில் முடிந்தது. 2021-இல் ஊர்ப் பெண்கள் எட்ஸி தளத்தில் தங்கள் பெயரிலேயே கடை திறந்து நேராக விற்கத் தொடங்கினார்கள். இதை முன்னாலேயே செய்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் அந்தக் கண்காட்சி நடக்காமல் இருந்திருந்தால் நான் அவற்றைப் பார்த்திருக்க மாட்டேன், நாம் இங்கே பேசிக்கொண்டும் இருக்க மாட்டோம். இரண்டில் எதையும் என்னால் விட முடியவில்லை.

கயல் (திருப்பூர்)

எல்லோர் பதிலையும் படித்துவிட்டு நேற்று மூட்டையைப் பிரித்தேன். சுந்தரம் அண்ணா சொன்னது போலவே பாதிக்கு மேல் பனியன். அதை ஒதுக்கினால் மிஞ்சியது இளநீலக் கோடு போட்ட சட்டைத் துணி, ஒரு மாதிரி கடுகு நிறம், கொஞ்சம் வெள்ளை. நான் கடைக்குப் போய் எடுத்திருந்தால் இந்த மூன்றையும் சேர்த்து எடுக்கவே மாட்டேன்.

வாணி அக்கா சொன்ன கவந்தி முறையில் ஆரம்பித்துவிட்டேன். அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தைக்கலாம் என்பதுதான் பெரிய காரணம். மெஷின் சத்தம் அவருக்கு ஆகாது. அம்மாவின் சுங்குடிப் புடவையை அடித்துணியாக விரித்திருக்கிறேன். ஒரு பக்கம் ஓரம் முடிந்தது. திரும்பும் இடத்தில் மூலையில் துணி குவிகிறது, தட்டையாக உட்கார மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

அப்புறம் இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிந்த அளவு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். தைக்கும்போது வாழ்க்கை ஞாபகமே வரவில்லை. அடுத்த துண்டு மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. அதுவே எனக்கு ரொம்ப நாளாகக் கிடைக்காதது.

வாணி (ஹூப்ளி)

மூலை குவிகிறது என்றால் துண்டை மூலைக்கு அப்பால் இழுத்துப் போயிருக்கிறீர்கள். மூலைக்கு நாலு விரல் முன்னாலேயே அந்தத் துண்டை நிறுத்திவிடுங்கள். மூலைக்கென்று தனியாக ஒரு சதுரத் துண்டு எடுத்து, இரண்டு பக்கத்தையும் உள்ளே மடித்து உட்கார வையுங்கள். அதிலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போங்கள். பூலாவை இப்போதே வைக்க வேண்டாம், கடைசியில் மடித்துத் தைத்துக்கொள்ளலாம்.

தையலை இழுத்துப் பிடிக்காதீர்கள். புதிதாகத் தைக்கிறவர்கள் நூலை இறுக்குவார்கள், அதனாலேயும் குவியும். ஐந்தாறு தையலுக்கு ஒரு தடவை கையால் நீவிவிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே குவிந்த மூலையில் ஒரு நான்கு விரல் தூரம் மட்டும் பிரித்தால் போதும், முழுப் பக்கத்தையும் பிரிக்க வேண்டியதில்லை.

சரோஜாம்மா, உங்களுக்கும் இதே முறைதான். காக்கி கொஞ்சம் விறைப்பு, அதனால் ஏழாம் நம்பர் ஊசி எடுத்து நூலை இரட்டையாகக் கோத்துக்கொள்ளுங்கள்.